மைனி தட்டிப் பார்த்த எஞ்சின்

மைனி எதையும் சும்மா திருப்பி வாங்கினது கிடையாது.

எங்கள் பக்கத்தில் கல்யாணம், கோயில் கொடைத் திருவிழா, செத்தவர்களுக்குச் செய்கிற பதினாறு அடியந்திரம் என்று எது நடந்தாலும் சமையலுக்கு உருளியும் வார்ப்பும் என் மூத்த அண்ணன் வீட்டிலிருந்துதான் போகும். அண்ணன் மனைவி, அதாவது மைனி, கல்யாணமாகி வந்தபோது மண்டைக்காட்டுப் பக்கத்திலிருந்து வண்டியேற்றிக் கொண்டுவந்த வெங்கலச் சாமான்கள். யார் வந்து கேட்டாலும் கொடுத்துவிடுவாள். கொடுக்கும்போது ஒரு வார்த்தை பேசமாட்டாள். பேச்செல்லாம் திருப்பி வாங்கும்போதுதான்.

உருளியைக் கவிழ்த்துப் போட்டு, நடுவிரலை மடக்கி, காதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தட்டுவாள். நல்ல உருளி கணீரென்று சொல்லும். கீறல் விழுந்தது சளசளக்கும். பிறகு உருளியைத் தூக்கப் பிடிக்கிற இரண்டு காதுகளின் அடியிலும் உள்ளங்கையால் தடவுவாள். கொண்டுவந்தவன் அதுவரைக்கும் பரீட்சை எழுதிவிட்டு நிற்கிற பிள்ளை மாதிரி நிற்கவேண்டும். ஒருதடவை பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், மகள் கல்யாணத்துக்கு வாங்கிப்போன வார்ப்பில் விழுந்த நெளிசலைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு நைசாக நழுவப் பார்த்தார்.

"வாத்தியாரே," என்றாள் மைனி. "போகும்போ இது சிரிச்சுக்கிட்டுல்லா போச்சு. இப்போ கன்னம் ஒட்டிப்போயி வந்திருக்கு. பட்டினி போட்டியளோ?"

வாத்தியார் வார்ப்பைத் தலையில் வைத்துக்கொண்டு நேரே நெளிசல் எடுக்கிற கன்னான் வீட்டுக்குப் போனார். நான் அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தேன். பாத்திரம் பண்டம் எல்லாம் பெண்பிள்ளைகள் சமாசாரம், நான் எஞ்சின்காரன் என்று எனக்கு அப்போது ஒரு நினைப்பு.

எஞ்சின்காரன் என்றால் எஞ்சின் ஓட்டத் தெரிந்தவன் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் அப்பா நாகர்கோவிலிலிருந்து இராஜாக்கமங்கலம் போகிற பாதையோரம் ஒரு நெல் குத்துகிற மில் போட்டிருந்தார். உரலும் உலக்கையுமாக இருந்த ஊரில் எண்ணெயில் ஓடுகிற எஞ்சின் வந்து இறங்கியபோது, கொடைக்குக் கூடுகிற கூட்டம் கூடியது. அதை ஓட்டுவதற்கு ஞானமுத்து என்று ஒரு டிரைவர் இருந்தார். நான் எஞ்சின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். எண்ணெய்க்கறை வேட்டியில் படவேண்டும் என்பதற்காகவே கொஞ்சம் நெருங்கி உட்காருவேன். அந்தக் கறையோடு ஊருக்குள் நடந்தால்தான் மரியாதை.

அப்பா போனபிறகு வயல்களைப் பங்கு வைத்துவிட்டோம். எஞ்சினை எப்படிப் பங்கு வைக்க? மூன்று பேர் ஆளுக்கொரு சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு போக முடியாது. சொந்தத்தில் ஒரு பெரியவர் வந்து, "இதுக்கு என்ன இவ்வளவு ரோசனை? கோயில்ல முறை வச்சுப் பூசை பண்ணல்லியா? அதுமாதி ஆளுக்கொரு மாசம் ஓட்டுங்கடே," என்றார். அருமையான யோசனை என்று நாங்களும் தலையாட்டினோம். சாமிக்கு முறை மாறினால் ஒன்றும் ஆகாது, சாமி தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். எஞ்சினுக்கு அந்த வரம் இல்லை என்பது பெரியவரையும் சேர்த்து எங்கள் நான்கு பேருக்கும் தோன்றவில்லை.

சித்திரை மூத்த அண்ணனுக்கு, வைகாசி நடு அண்ணன் பெருமாளுக்கு, ஆனி எனக்கு. பிறகு ஆடி திரும்ப மூத்தவருக்கு. இப்படிச் சுற்றி வந்ததில் கன்னிப்பூ நெல் அறுக்கிற புரட்டாசியும் கும்பப்பூ அறுத்துக் குவிகிற பங்குனியும் என் பங்கில் விழுந்தன. அதிர்ஷ்டம் என்றால் அதிர்ஷ்டம். ஊரில் உள்ள நெல் வண்டியெல்லாம் என் முறையில் வாசலில் நிற்கும். நானும் எஞ்சினுக்கு மூச்சுவிட நேரம் கொடுக்காமல் ஓட்டுவேன். ஞாயிற்றுக்கிழமை ஞானமுத்து கோயிலுக்குப் போயே தீருவேன் என்று பிடிவாதமாக இருந்ததால், எஞ்சினுக்கு வாரத்தில் ஒருநாள் ஓய்வு கிடைத்தது. அது கர்த்தர் போட்ட பிச்சை. என்னிடம் விட்டிருந்தால் அதுவும் கிடைத்திருக்காது.

மாதக் கடைசி வந்துவிட்டால் மூன்று பேருக்கும் ஒரே புத்திதான். நாளைக்கு அடுத்தவன் முறை, இன்றைக்கு எதற்கு நல்ல எண்ணெய் ஊற்றவேண்டும்? பெல்ட்டு கிழிந்தால் சாக்குத் தைக்கிற சணலால் ஒரு தையல். ஆணி கழன்றால் ஒரு துண்டுக் கம்பி. மாசம் பிறக்கிறவரைக்கும் தாங்கினால் போதும். ஞானமுத்து ஏதாவது சொல்ல வாயெடுத்தால், "ஒண்ணாந்தேதி அண்ணன்கிட்டச் சொல்லும் வே," என்பேன். அண்ணனிடம் சொன்னால் அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு தன் மாதத்தில் பாதியைப் பட்டறையில் கழிப்பார். அவர் ஒருநாளும் என்னைக் கேட்டதில்லை. சண்டைக்கு வராத அண்ணன் கிடைத்தால் தம்பிக்கு வேறென்ன வேண்டும்?

அந்த அண்ணன் ஒரு பங்குனியில் காய்ச்சலில் போய்விட்டார். மைனிக்கு இரண்டு பெண்பிள்ளைகள். அந்த வருஷம் முழுக்க அண்ணன் முறையையும் நானே ஓட்டினேன், மைனிக்கு அரிசியும் கொஞ்சம் கைச்செலவுக்கும் கொடுத்தேன். அப்படியே அது என் முறையாகவே இருந்துவிடும் என்று மனசுக்குள் ஒரு கணக்கு இருந்தது. வருஷத் திவசம் முடிந்ததும், மைனியின் அண்ணன் மண்டைக்காட்டிலிருந்து வந்திருந்தார். ஆண்கள் எல்லோரும் கூடி உட்கார்ந்தோம். மைனி கதவுக்கு அந்தப் பக்கம் நின்றாள். பெருமாளண்ணன்தான் பேச்சை எடுத்தார்.

"பொம்பளைக்கு எஞ்சினெல்லாம் என்னத்துக்கு? முறையெத் தம்பிகிட்ட விட்டிரட்டும். பிள்ளையளெ கூட்டிக்கிட்டுப் பொறந்த வீட்டுல போயி நிம்மதியா இருக்கலாமே."

நான் பெருந்தன்மையாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"போறேன். உங்க அண்ணன் என்னெ கொண்டுவரும்போ நான் எப்பிடி இருந்தேனோ, அப்பிடி ஆக்கித் தாங்க. இப்பவே போறேன்."

யாரும் நிமிரவில்லை. மைனியின் அண்ணன் மேல்துண்டால் கண்ணைத் துடைத்தார். நானும் மூக்கை உறிஞ்சினேன், பொய் சொல்லவில்லை. ஆனால் என் கணக்கு அதற்குள் வேறுபக்கமாகப் போய்விட்டது. சரி, சித்திரையில் வந்து ஓட்டிப் பார்க்கட்டும். பங்குனி அறுவடை முழுவதும் அரைத்து நொந்துபோன எஞ்சின், பத்துநாளில் படுத்துவிடும். அப்புறம் அவளே வந்து, "நீரே பாத்துக்கிடும்" என்று சொல்லப்போகிறாள். அந்த இரண்டு பெண்பிள்ளைகளும் எதை நம்பி வளரும் என்று நான் யோசிக்கவில்லை. எஞ்சின்காரனுக்கு அவ்வளவு யோசனை கூடாது.

சித்திரை ஒன்றாம் தேதி விஷுக்கணி பார்த்துவிட்டு, பிள்ளைகளுக்குக் கைநீட்டக் காசு கொடுத்துவிட்டு, காலையிலேயே மைனி மில்லுக்கு வந்துவிட்டாள். கூட மூத்த மகள் பகவதி. அவளுக்கு அப்போது பாவாடை சட்டை போடுகிற வயது. வாசலில் நெல் வண்டிகள் நின்றன. நான் சாவிக்கொத்தை நீட்டினேன்.

மைனி சாவியை வாங்கவில்லை. எஞ்சினை ஒருதடவை சுற்றி வந்தாள். பிறகு நடுவிரலை மடக்கினாள். எனக்கு நம்பவே முடியவில்லை. அவ்வளவு பெரிய இரும்பை உருளியைத் தட்டுவது போலத் தட்டினாள். வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். நான் அவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தேன்.

"மைனி, இது உருளி இல்லெ. எஞ்சினாக்கும்."

"இரவல் சாமானம்தானே?" என்றாள். "உங்க அப்பாவுக்க சாமானம். மாசாமாசம் இரவல் வாங்கி ஓட்டுகோம். டிரைவரே, ஓட்டிக் காட்டும்."

ஞானமுத்து எஞ்சினைக் கிளப்பினார். அது என் பங்குனி மாதத்தின் முழுக் கதையையும் இருமி இருமிச் சொன்னது. கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தச் சொன்ன மைனி, பெல்ட்டில் இருந்த சணல் தையலைக் காட்டி, "இது வாங்கும்போ இருந்துதா?" என்று ஞானமுத்துவைக் கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். பிறகு மேலே பார்த்தார். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர் பொய் சொல்ல முடியுமா? "இல்லம்மா," என்றார். ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் "இல்லம்மா" வந்தது. கடைசியில் பெரிய சக்கரத்துக்கு இந்தப்பக்கம் அச்சைத் தாங்குகிற பேரிங்கில் உள்ளங்கையை வைத்தாள். சட்டென்று எடுத்துவிட்டாள்.

"சுடுகே."

"எஞ்சின்னா சுடத்தான் செய்யும் மைனி. பின்னே குளிரவா செய்யும்?" என்றேன். சூடு இருந்தால்தான் உயிர் இருக்கிறது என்று அர்த்தம் என்று வண்டிக்காரர்களுக்கும் சேர்த்து விளக்கினேன். மனுஷ உடம்பை உதாரணம் காட்டினேன். நன்றாகவே பேசினேன் என்றுதான் ஞாபகம்.

மைனி சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு அந்தப்பக்கம் போனாள். அங்கே இருந்த இன்னொரு பேரிங்கில் கை வைத்தாள். வைத்தபடியே நின்றாள்.

"இது குளுந்துதான் இருக்கு. ரெண்டும் கூடப் பொறந்ததுதானே கொழுந்தனாரே? ஒண்ணுக்கு மாத்திரம் காய்ச்சல் வருவானேன்?"

நான் ஞானமுத்துவைப் பார்த்தேன். ஞானமுத்துதான் மெதுவாகச் சொன்னார். நெல்லை அளவுக்கு மீறிக் கொட்டினால் பெல்ட்டு வழுக்கும், வழுக்கக்கூடாது என்று பெல்ட்டை முறுக்கி இழுத்துக் கட்டினால் அந்தப் பக்கத்துப் பேரிங் தேயும். இழுத்துக் கட்டச் சொன்னது யார் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை, எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்லாக்கித் தாரும். வாங்கிக்கிடுகேன்," என்று சொல்லிவிட்டு மைனி மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

வண்டிகள் நின்றன. முறை அவளுடையது, அவள் வாங்கவில்லை. ஓட்டலாம் என்றால் என் மாதம் முடிந்துவிட்டது. பெருமாளண்ணனிடம் ஓடினேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "உருளியெத் திருப்பி வாங்கல்லன்னா அது ஆருக்க வீட்டுல இருக்கு? உனக்க வீட்டுலதானே?" என்றார். ரொம்ப சந்தோஷமாகச் சொன்னார். நானும் ஞானமுத்துவும் பேரிங்கைக் கழற்றி, வண்டியில் வைத்து, நாகர்கோவில் பட்டறைக்குக் கொண்டுபோனோம். வழியில் பார்த்தவர்களெல்லாம், "என்னவே, மைனி வாங்கல்லியாமே?" என்று கேட்டார்கள். வார்ப்பைத் தலையில் சுமந்த வாத்தியாரும் எதிரில் வந்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

ஆனால் நான் அவ்வளவு எளிதில் திருந்துகிற ஆளா? அடுத்து ஆனி முடிகிறபோது, அவள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் பேரிங்கின்மேல் ஈரச்சாக்கைப் போட்டு வைத்து எடுத்துவிட்டேன். மைனி வந்தாள், பேரிங்கைத் தொட்டாள், விரலை மோந்து பார்த்தாள். "சாக்கு வாடை அடிக்கு," என்றாள். பிறகு ஞானமுத்துவின் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எஞ்சினை ஓட்டச் சொல்லி, மகளுக்குத் தலை பின்ன ஆரம்பித்தாள். பின்னி முடித்து, ஒருதடவை அவிழ்த்து, மறுபடியும் பின்னினாள். அதற்குள் பேரிங் தன் உண்மையான குணத்தைக் காட்டிவிட்டது.

புரட்டாசிக் கடைசியில் சரஸ்வதி பூஜை வந்தது. இந்தத் தடவை பக்தி கைகொடுக்கும் என்று நினைத்தேன். எஞ்சினைத் தேய்த்துத் துடைத்து, தலைமுதல் கால்வரை சந்தனமும் குங்குமமும் அப்பி, செவ்வரளி மாலை போட்டேன். அம்மன் மாதிரி இருந்தது. சந்தனம் வைத்த இடத்தில் மைனி கைவைக்கமாட்டாள் என்பது என் யுக்தி. உண்மையிலேயே அவள் கைவைக்கவில்லை. கும்பிட்டுவிட்டு, "ஓட்டும்," என்றாள். கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு கீச்சென்று ஒரு சத்தம், புகை, எஞ்சின் நின்றுவிட்டது. எண்ணெய் இறங்குகிற துளைகளையும் சேர்த்துச் சந்தனத்தால் அடைத்திருந்தேன்.

மைனி கொண்டை ஊசியை உருவித் துளைக்குள்ளிருந்து காய்ந்த சந்தனத்தைத் தோண்டி எடுத்தாள்.

"சாமிக்குச் சந்தனத்தெ நெத்தியிலல்லா வைக்கணும்? வாயில வச்சு அடச்சா அது எப்பிடி வே சாப்பிடும்?"

அந்த ஐப்பசியிலும் நான் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் என்னை நிரந்தரமான உறவுக்காரனாக நடத்தத் தொடங்கியிருந்தார்.

எனக்குப் புத்தி வந்தது அதற்குப் பிறகுதான், அதுவும் நல்ல வழியாக வரவில்லை. மைனியிடம் நல்லபடியாக ஒப்படைக்கவேண்டுமானால், பெருமாளண்ணனிடமிருந்து நல்லபடியாக வாங்கவேண்டுமே? நான் அவரிடம் வாங்கும்போது கைவைத்துப் பார்த்தேன். அவர் மாட்டிக்கொண்டார். அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்துக்கு அளவில்லை. அந்தக் கோபத்தில் அவர் மைனியிடமிருந்து வாங்கும்போது கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். அவருக்கு ஒரு குறையும் கிடைக்கவில்லை. அவள் தன் மாதத்தில் எஞ்சினை வாரத்துக்கு ஒருதடவை நிறுத்தி, ஞானமுத்துவை எல்லாவற்றையும் திறந்து பார்க்கச் சொல்லி, சரிசெய்து ஓட்டினாள். ஓடுகிற எஞ்சினை நிறுத்துகிறாளே, பைத்தியமா என்று நாங்கள் பேசிக்கொண்டோம். ஆனால் எங்கள் மாதத்தில் அது தானாக நின்ற நாட்கள்தான் அதிகம். இப்படி மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் நம்பாமல் போனதில் எஞ்சின் பிழைத்துக்கொண்டது. மைனி பெண்பிள்ளைகளை வளர்த்தாள். அக்கம்பக்கத்து மில் எஞ்சினெல்லாம் படுத்தபோது எங்களுடையது டுப்டுப் என்று ஓடிக்கொண்டே இருந்தது. மற்ற ஊர்க்காரர்கள் என்னிடம் வந்து ரகசியம் கேட்டார்கள். நான் எஞ்சின்காரன் அல்லவா, நாற்காலியில் சாய்ந்துகொண்டு மண்டையைத் தொட்டுக் காட்டினேன்.

சில வருஷங்கள் கழித்து மைனி படுக்கையில் விழுந்தாள். வயிற்றில் கட்டி என்றார்கள். அது சித்திரை மாதம், அவள் முறை. வைகாசி பிறந்த அன்றைக்கு வில்வண்டியில் படுத்தபடியே மில்லுக்கு வந்தாள். நானும் போயிருந்தேன். பெருமாளண்ணனுக்குப் பார்க்கவே பொறுக்கவில்லை.

"மைனி, நான் வாங்கிட்டேன். ஒண்ணும் பாக்கவேண்டாம். நீங்க வீட்டுக்குப் போங்க."

"பாக்காம வாங்கப்பிடாது," என்றாள். குரல் எழும்பவில்லை. "நான் போனபிறவு ஏதாவது கெட்டா, அவதான் கெடுத்துட்டுப் போனான்னு சொல்லுவிய. கையெ வச்சுப் பாரும்."

அவர் கைவைத்துப் பார்த்தார். அழுதுகொண்டே பார்த்தார். இரண்டு பக்கமும் குளிர்ந்துதான் இருந்தது. அதைச் சொன்னபிறகுதான் வண்டி திரும்பியது.

ஆனியில், என் முறையில், மைனி போனாள். நெல் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிட்டு எஞ்சினை நிறுத்தினேன். நானாக நிறுத்தியது அதுதான் முதல் தடவை. சத்தமில்லாமல் நின்ற மில்லுக்குள் என்னால் இருக்க முடியவில்லை.

பதினாறு அடியந்திரத்துக்குச் சமையல் என் வீட்டு முற்றத்தில் நடந்தது. அவளுடைய உருளியில்தான் அவளுக்குப் பாயசம் வைத்தார்கள். எல்லாம் முடிந்தபிறகு, யாரையும் தொடவிடாமல், உருளியைப் புளியும் சாம்பலும் போட்டு நானே தேய்த்தேன். தலையில் வைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் இறக்கி வைத்துவிட்டு, பழக்கத்தில் அப்படியே நின்றேன். யார் வந்து வாங்கப் போகிறார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அவ்வளவு அழுகைக்கு நடுவிலும் என் பழைய கணக்கு ஒரு மூலையில் எட்டிப் பார்த்தது. ஆடி பிறக்கப் போகிறது. கல்யாணமாகாத இரண்டு பெண்பிள்ளைகள். முறையை யார் ஓட்டுவது? சித்தப்பன் நான் இருக்கிறேனே. இதைப் பக்குவமாக எப்படிச் சொல்லலாம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே யோசித்தேன்.

உள்ளேயிருந்து பகவதி வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. குனிந்து உருளியைக் கவிழ்த்தாள். நடுவிரலை மடக்கித் தட்டினாள். காதை வைத்துக் கேட்டாள். பிறகு உருளியின் காதுக்கு அடியில் உள்ளங்கையால் தடவி, விரலை என் முன்னால் நீட்டினாள்.

"சித்தப்பா, இதுல புளி காஞ்சுபோயி இருக்கு. நல்லாத் தேச்சுக் கொண்டாங்க. வாங்கிக்கிடுகேன்."

நான் உருளியைத் திரும்பத் தலையில் ஏற்றினேன். படியிறங்கும்போது அவள் பின்னாலிருந்து சொன்னாள்.

"ஒண்ணாந்தேதி காலம்பற மில்லுக்கு வாறேன்."

உருளியைத் தேய்க்க வீட்டுக்குத்தான் போயிருக்கவேண்டும். நான் அதைச் சுமந்துகொண்டு நேரே மில்லுக்குப் போய், ஞானமுத்துவைக் கூப்பிட்டு, பேரிங் மூடியைக் கழற்றச் சொன்னேன்.